சபை பாடாமல் நின்றால்: பாட்டு நடத்துபவருக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது யாராவது "இன்னைக்குப் பாட்டு நல்லா இருந்துச்சு தம்பி" என்றால், "நீங்க பாடினீங்களா மாமா?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். "கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்று பதில் வந்தால், அன்றைக்கு எங்கோ ஒரு பழுது இருந்திருக்கிறது. கொலோசெயர் 3:16 சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஞானப்பாட்டுகளாலும் ஒருவருக்கொருவர் போதிக்கச் சொல்கிறது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் பாடுவது என் காதில் விழவேண்டும். நான் பாடுவது அவர் காதில் விழவேண்டும். கீழே சொல்லப்போகும் பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரியம் எங்கோ தடைபட்டதால் வருபவைதான்.

நான் பாட்டு நடத்தியதெல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில். பாமாலை (அசை அளவில் அமைந்த பாடல்கள்), கீர்த்தனை (பெரும்பாலும் கர்நாடக ராகத்தில் அமைந்தவை), புதிய ஆராதனைப் பாடல்கள் மூன்றையும் ஒரே காலையில் பாடுகிற சபைகள் அவை. அங்கே பார்த்ததையும் கற்றதையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டில், இரண்டாவது சரணத்தின்போது மைக்கைவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து, இரண்டு அடிகளுக்கு வாயை மூடிக்கொள்ளுங்கள். பாட்டு அதே பலத்தோடு போனால் சபை பாடுகிறது. சட்டென்று சத்தம் வற்றினால் அதுவரை கேட்டது உங்கள் குரலும் ஸ்பீக்கரும் மட்டுமே. எங்கே வற்றியது, எப்போது வற்றியது என்று கவனித்துக்கொண்டு, பொருந்தும் பகுதிக்குப் போங்கள்.

மெட்டு மேலே ஏறியதும் சத்தம் படுத்துவிடுகிறது

பல்லவி கணீரென்று வருகிறது. சரணத்தில் மூன்றாவது அடி மேலே போகும்போது ஆண்கள் குனிந்து புத்தகத்தைப் பார்க்கிறார்கள். பெண்களில் பாதிப்பேர் வாயசைக்கிறார்கள். இது சுருதிப் பிரச்சினை. நான் பார்த்த பழுதுகளில் அடிக்கடி வருவதும், சுலபமாகச் சரிசெய்யக் கூடியதும் இதுதான்.

ஒலிப்பதிவில் கேட்ட சுருதியை அப்படியே எடுத்துக்கொண்டு வருவதால்தான் இது நடக்கிறது. பதிவில் பாடுகிறவர் பயிற்சி பெற்ற குரல்காரர். உங்கள் சபையில் இருப்பவர்கள் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாடுகிறவர்கள். சாதாரணக் குரல்களுக்கு வசதியான எல்லை இது: பெண்களுக்கு நடு 'சி'க்குக் கீழே இருக்கும் 'ஏ'யிலிருந்து அடுத்த ஸ்தாயி 'டி' வரை. ஆண்களுக்கு அதையே ஒரு ஸ்தாயி கீழே. ஒருமுறை 'ஈ' தொட்டுவிட்டு இறங்கினால் சமாளிப்பார்கள். அங்கேயே நிற்கச் சொன்னால் மாட்டார்கள்.

ஆகவே சுருதியைப் பாட்டின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாட்டின் உச்சமான சுரத்தைக் கண்டுபிடித்து, அதை 'டி'யில் நிறுத்துங்கள். மற்றவை தானாக அமையும். மெட்டு மேல் ஸ்தாயி காந்தாரம் வரை போகிறது என்றால் சட்ஜத்தை ஆறரைக் கட்டையில், அதாவது 'ஏ ஷார்ப்'பில் வைக்கவேண்டும். பஞ்சமத்தோடு நின்றுவிடும் எளிய பாட்டு என்றால் ஐந்து கட்டை, அதாவது 'ஜி' போதும். மேல் காந்தாரம் தொடுகிற அதே பாட்டை ஓர் ஆண் தனக்கு வசதியான ஒரு கட்டையில், அதாவது 'சி'யில், எடுத்தால் பெண்கள் மேலே 'ஈ'யில் முட்டிக்கொள்வார்கள். ஒரு பெண் தனக்கு வசதியான ஐந்து கட்டையில் எடுத்தால் ஆண்களுக்கு அடியில் குரலே கிடைக்காது. நடத்துகிறவரின் வசதி ஒன்று, சபையின் வசதி வேறு. நமக்குக் கொஞ்சம் அசௌகரியமான சுருதியில் பாடுவதும் இந்த ஊழியத்தில் ஒரு பங்கு என்று நான் நம்புகிறேன்.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் அதிகாலை ஆராதனைகளுக்கு இன்னும் ஒரு முழுச் சுரம் குறையுங்கள். தூக்கம் கலையாத தொண்டைக்குப் பத்து மணி ஆராதனையின் சுருதி எட்டாது.

இன்னொரு காரணமும் உண்டு. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை முந்தின பாட்டுக்காக ஏற்றி வைத்துவிட்டு இறக்க மறந்திருப்பார்கள். ஒரு ஞாயிறு காணிக்கைப் பாட்டை நாங்கள் இப்படித்தான் மூன்று செமிடோன் (அரைச் சுரம்) மேலே தொடங்கினோம். ஐயர் (சபைப் போதகர்) முதற்கொண்டு எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் திரையில் 0 என்று வருகிறதா என்று பார்ப்பது எங்கள் குழுவில் எழுதாத சட்டம்.

பாடிக்கொண்டிருக்கும்போதே சுருதி அதிகம் என்று தெரிந்துவிட்டால்? சரணத்தின் நடுவில் மாற்றாதீர்கள். அந்தச் சரணத்தை முடித்து, கீபோர்டு ஒரு சிறிய இடையிசை வாசிக்கும்போது இறக்கிக்கொள்ளுங்கள். கீபோர்டு இல்லையென்றால் பல்லவியோடு நிறுத்தி, "கொஞ்சம் கீழே எடுத்துப் பாடுவோம்" என்று சொல்லி மறுபடி தொடங்குங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அவர்களுக்கு அது நிம்மதி.

தெரிந்த பாட்டுதான், சுருதியும் சரி, ஆனாலும் யாரும் பாடவில்லை

சத்தத்தைக் குறையுங்கள். கீழே இருப்பவர்கள் கைவிட்டதால் பாடல் மெலிந்திருக்கும். நாமோ அவர்களை உற்சாகப்படுத்துகிறோம் என்று ஆம்ப்ளிஃபயரை இன்னும் ஏற்றுவோம். அப்படிச் செய்யச் செய்ய அவர்கள் இன்னும் அமைதியாகிவிடுவார்கள். தன் குரல் தன் காதில் விழாத மனிதன் ஒரு சரணத்துக்குமேல் பாடமாட்டான். பக்கத்தில் இருப்பவரின் குரலும் கேட்கவில்லை என்றால், தான் மட்டும் பாடுவதுபோல் ஒரு கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

பயிற்சியின்போது குழுவைப் பாடச் சொல்லிவிட்டு நீங்கள் இறங்கிப்போய் ஆறாவது பெஞ்சில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் சேர்ந்து பாடிப் பாருங்கள். உங்கள் குரல் உங்களுக்கே கேட்கவில்லையா? அங்கே கேட்கும் வரைக்கும் மிக்ஸரை இறக்கச் சொல்லுங்கள். ஆலயம் நிறைந்த பிறகு உடம்புகளும் துணிகளும் சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். அதற்காகச் சிறிது கூட்டலாம், அவ்வளவுதான். டிரம்ஸ்காரர் தம்பி கோபித்துக்கொள்வார். அவரையும் அந்த ஆறாவது பெஞ்சுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். பேசிப் புரியவைப்பதைவிட அது சீக்கிரம் புரியும்.

மூன்றாவது சரணத்தில் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டுக் குரல் மட்டும் போகவிடுங்கள். தபலாகூட வேண்டாம். முதல் அடி மெல்லியதாக இருக்கும், பயப்படவேண்டாம். இரண்டாவது அடிக்குள் ஒருவர் மற்றவரைக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு ஆராதனையில் மிகவும் பிடித்த நேரம் அதுதான். பழைய கல் கோவிலின் உயரமான கூரை அந்தக் குரல்களை வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது, நாம் எதற்காகக் கூடினோம் என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

நீங்கள் பாடும் விதத்தையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய சங்கதி (மெட்டை மாற்றி நெளித்துப் பாடுவது) போட்டால், அடுத்து எந்தச் சுரம் வரும் என்று தெரியாமல் சபை நின்றுவிடும். சபையோடு பாடும்போது மெட்டை நேராகப் பாடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பாடுவதும் ஒரு தடை. உள்ளம் உருகும்போது கண் மூடும்தான், ஆனால் ஒவ்வொரு சரணத்தின் தொடக்கத்திலாவது கண் திறந்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மூச்சு இழுங்கள். மூச்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சேருவார்கள்.

இன்னொன்று, முந்நூறு பேர் உட்காரும் ஆலயத்தில் நாற்பது பேர் சிதறி உட்கார்ந்திருந்தால் எந்த மிக்ஸராலும் ஒன்றும் செய்யமுடியாது. முன்னால் வந்து நெருங்கி உட்காரச் சொல்லும்படி ஐயரிடம் ஆராதனைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னால் வருவார்கள்.

புதிய பாட்டு, எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்

ஒரே ஞாயிறு இரண்டு புதிய பாட்டு எடுத்திருப்பீர்கள். மாதத்துக்கு ஒன்று போதும். நாங்கள் செய்வது இது: முதலில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம். இரண்டு வாரத்தில் அது வீடுகளுக்குள் போய்விடும். அடுத்து பெண்கள் கூட்டத்தில் பாடுவார்கள். அதற்குப் பிறகுதான் ஞாயிறு ஆராதனை. சபைக்கு வரும்போது அந்தப் பாட்டு பாதிப்பேருக்குக் காது பழகியிருக்கும். தொடர்ந்து மூன்று ஞாயிறு பாடிவிட்டு, ஒரு வாரம் விட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் யாரும் சேரவில்லையென்றால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். ஒருவர் தனியாகப் பாடக் கேட்பதற்கு நன்றாக இருக்கும் பாட்டெல்லாம் சபையாகப் பாட ஏற்றதாக இருக்காது.

பாட்டு இழுத்துக்கொண்டே போகிறது

தொடங்கும்போது ஒழுங்கான வேகம். நாலாவது சரணத்தில் ஊர்வலம்போல ஆகிவிடுகிறது. பழி எப்போதும் பின்வரிசைக்காரர்கள்மேல் விழும். உண்மையில் பிழை முன்னால் இருப்பவர்களிடம்.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். உங்கள் ஆலயம் 34 மீட்டர் நீளம் என்றால் நீங்கள் பாடுவது கடைசி பெஞ்சுக்குப் போக 0.1 நொடி, அவர்கள் அதைக் கேட்டுப் பாடுவது உங்களிடம் வர இன்னொரு 0.1 நொடி. நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு 0.75 நொடி. ஆக, பின்னாலிருந்து வரும் குரல் கால் தட்டுக்கும் மேலே பிந்தித்தான் உங்கள் காதுக்கு வரும். அதைக் கேட்டு "சரி, அவர்களும் வரட்டும்" என்று நீங்கள் காத்திருந்தால், அவர்கள் உங்கள் தாமதத்துக்கு மேலே இன்னொரு தாமதம் சேர்ப்பார்கள். இப்படியே நாலு சரணம்.

ஆகவே காத்திருக்காதீர்கள். பின்வரிசையைக் காதால் பின்தொடராமல் கையால் தாளம் போட்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்கன், கீபோர்டு வாசிப்பவர் ஒரு சுரத்தையும் அடுத்ததையும் ஒட்டி இழுக்காமல் இடது கையைக் கொஞ்சம் வெட்டி வாசித்தால் தாளம் தெளிவாகக் கேட்கும். சரணங்களுக்கு நடுவில் மூச்சுக்கு ஒரே அளவு நேரம் கொடுங்கள். ஒரு சரணத்துக்குப் பிறகு இரண்டு தட்டு, அடுத்ததற்குப் பிறகு நாலு தட்டு என்று இருந்தால் எப்போது தொடங்குவது என்று தெரியாமல் எல்லோரும் தயங்குவார்கள், தயக்கம்தான் இழுவையின் தொடக்கம்.

அதோடு, ரொம்ப வேகமாகத் தொடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எதிரொலி அதிகமுள்ள கல் கட்டடத்தில் வேகமான பாட்டு சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். சபை தானாகவே நிதானமாகும். அது சோம்பல் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். கட்டடம் கேட்கிற வேகம் அது. அடுத்த முறை அந்த வேகத்திலேயே தொடங்குங்கள்.

கைதட்டத் தொடங்கியதும் பாட்டு ஓடுகிறது

கை எப்போதும் வாயைவிட முந்தும். ஒவ்வொரு தட்டுக்கும் கைதட்டச் சொல்லாமல் ஒன்று விட்டு ஒன்று தட்டச் சொல்லுங்கள். தபலாவும் டிரம்ஸும் கைதட்டலைத் துரத்தாமல் பழைய வேகத்திலேயே இருக்கவேண்டும். ஓடுவது நிற்கவில்லையென்றால் நீங்கள் முதலில் கைதட்டுவதை நிறுத்துங்கள்.

பாதிப்பேர் அனுபல்லவி, பாதிப்பேர் பல்லவி

கீர்த்தனைகளில் இது சகஜம். பல்லவியை ஒருமுறையா இருமுறையா, முழுதுமா அல்லது முதல் பாதி மட்டுமா, எந்தச் சொல்லில் நிறுத்திச் சரணத்துக்குப் போவது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. வேறு சேகரத்திலிருந்து (சபை வட்டாரத்திலிருந்து) மாற்றலாகி வந்த குடும்பம் தங்கள் வழக்கத்திலேயே பாடும், அவர்கள்மேல் குறையில்லை.

பாடகர் குழு ஒரு முறையை முடிவுசெய்து, வருஷம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளவேண்டும். மறுபடி பல்லவி என்றால் கையை உயர்த்திக் காட்டுங்கள். முடிக்கப்போகிறோம் என்றால் கையைத் தாழ்த்துங்கள். சைகை, கடைசிச் சொல்லுக்கு முன்பே வரவேண்டும். சொல் முடிந்த பிறகு காட்டினால் சபை ஏற்கெனவே மூச்சு இழுத்திருக்கும். புதிய ஆராதனைப் பாடல்களில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும்போதும் இதே சைகை உதவும். அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லை முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிக்கொடுப்பது இன்னும் நல்லது. பார்வை குறைந்த பெரியவர்களுக்கு அதுதான் புத்தகம்.

கீர்த்தனையும் கீபோர்டும் ஒட்டவில்லை

பாடும்போது சரியாக இருக்கிறது, கீபோர்டு சேர்ந்ததும் எங்கோ உறுத்துகிறது. வாசிக்கிற பிள்ளை திறமையானவர்தான், கார்டுகளும் (சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டங்கள்) தப்பில்லை. ஆனால் அவர் மேஜர், மைனர் என்று யோசிக்கிறார். பாட்டு ராகத்தில் இருக்கிறது. தஞ்சையில் சரபோஜி மன்னர் காலத்தில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) தொடங்கி, நம்முடைய கீர்த்தனைகளில் பெரும்பகுதி கர்நாடக ராகங்களில் அமைந்தவை. கார்டுகளை மனதில் வைத்து அவை எழுதப்படவில்லை.

உதாரணத்துக்குக் கல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். சட்ஜம் 'சி' என்றால் அதில் வருவது பிரதி மத்தியமம், 'எஃப் ஷார்ப்'. பழக்கத்தில் கை 'எஃப் மேஜர்' கார்டுக்குப் போனால், குரலும் கீபோர்டும் அரைச் சுரம் தள்ளி மோதும். மாயாமாளவகௌளையில் ரிஷபம் 'டி ஃப்ளாட்'. 'ஜி மேஜர்' கார்டில் இருப்பதோ சுத்தமான 'டி'. அங்கேயும் மோதல்.

மருந்து எளியது. கார்டை விட்டுவிட்டு சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெட்டை வாசிக்கச் சொல்லுங்கள். தம்புராபோல நிற்கும், எந்த ராகத்தையும் தாங்கும் (பஞ்சமம் வராத ராகம் என்றால் சட்ஜம் மட்டும்). பிறகு ஒவ்வொரு கீர்த்தனையாக எடுத்து, எந்தக் கார்டு இடிக்காமல் உட்காருகிறது என்று பொறுமையாகத் தேடலாம். பாட்டிமார் கமகத்தோடு இழைத்துப் பாடும் இடங்களில் கீபோர்டு குறுக்கே போகாமல் நிற்பது நல்லது. அந்த இழைப்பு புத்தகத்தில் அச்சாகவில்லை. அவர்கள் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது.

கீபோர்டின் ரிதம் பொத்தானும் இதே குழப்பத்தைச் செய்யும். ரூபக தாளத்துப் பாட்டுக்கு நாலு எண்ணிக்கை ரிதம் போட்டால் மூன்றாவது வரியில் எல்லாம் கலைந்துவிடும். மூன்று எண்ணிக்கை ரிதம் போடுங்கள். மிச்ர சாபு ஏழு எண்ணிக்கை, அதற்குப் பொருந்துகிற ரிதம் பல கீபோர்டுகளில் இருக்காது. ரிதத்தை அணைத்துவிட்டுத் தபலாவையோ கைத்தாளத்தையோ நம்புங்கள்.

பாமாலையில் எண் சொல்லியாயிற்று, ராகம் (மெட்டு) யாருக்கும் தெரியவில்லை

பாமாலைப் பாடல்கள் அசை எண்ணிக்கைப்படி அமைந்தவை. அடிகளில் 8, 6, 8, 6 என்று அசைகள் வரும் பாட்டை, அதே அளவில் உங்களுக்குத் தெரிந்த வேறு ராகத்தில் பாடலாம். 8, 8, 8, 8 அளவுக்கும் அப்படியே. ஆனால் மாற்றிய ராகத்தில் ஒரு சரணத்தை முன்பே சத்தமாகப் பாடிப் பாருங்கள். நீட்ட வேண்டிய இடத்தில் குறில் எழுத்து வந்து, சொல் நீண்டு பொருள் கெட்டுவிடும் ஆபத்து உண்டு. சனிக்கிழமை மாலையே ஐயரிடம் பாட்டு எண்களை வாங்கிவிட்டால் இந்த நிலைமையே வராது.

மைக் கத்துகிறது

ஸ்பீக்கரில் வருவது மறுபடி மைக்குக்குள் போய்ச் சுற்றுகிறது. ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் இருந்தால் முன்னால் நகர்த்துங்கள். மைக்குகள் எல்லாம் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்கவேண்டும். அடுத்து, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவாருங்கள். இடைவெளியைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடுதலாகப் பதியும், அந்த அளவுக்கு மிக்ஸரை இறக்கலாம். பயன்படுத்தாத மைக்கை மூடுங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கத்தத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் இடம் 3 டெசிபெல் குறைகிறது. எட்டுப் பேர் கொயருக்கு எட்டு மைக் எதற்கு? இரண்டு போதும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பொத்தினால் அது எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும்.

கத்தாமல், ஆனால் "ம்ம்ம்" என்று அடியில் ஓர் இரைச்சல் நிற்காமல் கேட்டால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். கீபோர்டு ஒரு சுவரிலும் மிக்ஸர் எதிர்ச்சுவரிலும் சொருகியிருந்தால் எர்த் சுற்றிக்கொள்ளும். இரண்டையும் ஒரே இணைப்பிலிருந்து எடுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் கீபோர்டுக்கும் மிக்ஸருக்கும் நடுவில் இந்த எர்த் சுற்றைத் துண்டிக்கும் ஒரு டிஐ பாக்ஸ் (சிறிய இணைப்புப் பெட்டி) வையுங்கள். பிளக்கின் எர்த் கம்பியைப் பிடுங்குகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மைக்கைத் தொடுபவரின் உயிர் அதில் இருக்கிறது.

திரையில் தமிழுக்குப் பதிலாக ஏதேதோ எழுத்து

பாட்டை யாரோ பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள், ஆலயத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அன்றைக்குச் சமாளிக்க, பாட்டுப் புத்தக எண்ணைச் சொல்லிவிட்டுத் திரையை அணையுங்கள். அந்த வாரமே பாட்டுகளை யூனிகோடில் மாற்றி வையுங்கள். ஒரு திரைக்கு நாலு வரிக்குமேல் வேண்டாம். மாற்றுகிறவர் பாடிக்கொண்டே மாற்றவேண்டும். கடைசி வரியின் கடைசிச் சொல்லுக்குக் கொஞ்சம் முன்பே அடுத்த திரை வந்துவிட்டால்தான் சபை மூச்சு இழுக்கும்போது கண்ணில் சொல் இருக்கும்.

கரண்ட் போய்விட்டது

பாட்டை நிறுத்தாதீர்கள். ஓர் அடி முன்னால் வந்து, சபையைப் பார்த்து, கையால் தாளம் போட்டபடி அதே சுருதியில் தொடருங்கள். ஆம்ப்ளிஃபயர் வருவதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பாடினார்கள். கரண்ட் திரும்பி வரும்போது சரணத்தின் நடுவில் கருவிகள் பாய்ந்து சேராமல், அந்தச் சரணம் முடியும்வரை காத்திருக்கட்டும். பேட்டரியில் ஓடும் சுருதிப்பெட்டி ஒன்று எப்போதும் பீரோவில் இருக்கட்டும்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் எல்லாம் கலைந்துபோகிறது

ஒரு பாட்டு முடிகிறது. தாள்கள் புரளுகின்றன, குழுவினர் கிசுகிசுக்கிறார்கள், அந்த வெறுமையை நிரப்ப நீங்கள் பேசத் தொடங்குகிறீர்கள். பேச்சு குட்டிப் பிரசங்கமாகிவிடுகிறது. பாடல்களைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்தடுத்த பாட்டுகள் ஒரே சுருதியில் அல்லது நெருங்கிய சுருதியில் வரும்படி அடுக்குங்கள். கீபோர்டு சட்ஜத்தை மெலிதாகப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். பேசவேண்டும் என்றால் ஒரே வாக்கியம், அல்லது ஒரு வேதவசனம். அமைதியாக நிற்பதும் ஆராதனைதான். திருவிருந்து நேரத்தில் முக்கியமாக இதை நினைவில் வையுங்கள். அங்கே பாட்டு, முழங்கால்படியிட்டிருப்பவர்களுக்குப் பின்னால் இருக்கவேண்டும்.

ஒருவர் மட்டும் சத்தமாக, மெதுவாக, தன் போக்கில் பாடுகிறார்

எல்லாச் சபையிலும் ஒரு தாத்தா இருப்பார். மூன்றாவது பெஞ்சு, ஓரத்து இடம். சபை ஒரு சொல்லை முடித்த பிறகும் அவர் அதில் நிற்பார். குழுவில் இருக்கும் இளையவர்கள் என்னிடம் வந்து, "அண்ணே, தாத்தாகிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்" என்பார்கள்.

அவரிடம் போய் சத்தத்தைக் குறைத்துப் பாடச் சொல்லாதீர்கள். அவர் அப்புறம் பாடவேமாட்டார். ஆலயத்துக்கு வருவதும் குறையலாம். முதலில் அவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று பாருங்கள். பல வேளைகளில் அவர் இருக்கும் இடத்துக்கு ஸ்பீக்கரின் நேர்ச்சத்தம் வருவதில்லை, சுவரில் பட்டுத் திரும்பியதைத்தான் கேட்டுப் பாடுகிறார். ஸ்பீக்கரைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பினாலே பாதி சரியாகிவிடும். குழுவில் குரல் உறுதியான ஒருவரைப் பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மனிதர்கள் ஸ்பீக்கரைவிடப் பக்கத்துக் குரலோடுதான் சேருவார்கள்.

அப்புறம், சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவரைக் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்ட தாத்தா, கையில் அட்டை கிழிந்த கீர்த்தனைப் புத்தகத்தோடு அரை மணி நேரம் முன்பே வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் கேட்டிராத ஏழு கீர்த்தனைகளுக்கு அவருக்கு மெட்டு தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாக அவர் பாட, ஒருவர் சுரத்தை எழுத, இன்னொருவர் போனில் பதிவு செய்தார். அதில் இரண்டைச் சபை இப்போது பாடுகிறது. அவற்றை நாங்கள் அவருடைய வேகத்தில்தான் எடுக்கிறோம்.